இரண்டு நாள், அறுபது ஆசிரியர்கள்: மதுரை வட்டாரச் செவ்விலக்கியக் கூடுகையை எப்படி அமைப்பது?

நாகமலைக் காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்து தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களுமாக 60 பேர் கூடும் இரண்டு நாள் நிகழ்வுக்குத் திட்டம் போட வேண்டும். இடம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகர். பாதிப்பேர் கல்லூரி, பாதிப்பேர் மேல்நிலைப்பள்ளி.

வழக்கமான முறையில் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. காலை 9.30 முதல் மாலை 5 வரை. உணவுக்கு ஒரு மணி, தேநீருக்கு இரண்டு கால்மணி போனால் நாளுக்கு 6 மணி நேரம். இரண்டு நாளுக்கு 12. தொடக்க விழா, நிறைவு விழா, பொன்னாடை எல்லாம் சேர்ந்து 2 மணி எடுத்துக்கொள்ளும். மிச்சம் 600 நிமிடம். ஆளுக்கு ஒரு கட்டுரை என்றால் 10 நிமிடம். அதில் பெயர் அழைத்து, எழுந்து வந்து, ஒலிவாங்கியைச் சரிசெய்ய 2 நிமிடம் போய்விடும். எட்டு நிமிடத்தில் முன்னுரையைத் தாண்டவே முடியாது. கேள்வி கேட்க நேரமே இல்லை.

கட்டுரை வாசிப்பைக் குறைத்துவிட்டு, பாடலை உட்கார்ந்து படிக்கும் அமர்வாக மாற்ற விரும்புகிறோம். எந்தப் பாடல், எத்தனை பேர், எவ்வளவு நேரம், கையில் என்ன தாள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பாலைத்திணை

ஒரே பாட்டை எடுங்கள். அகநானூறு 149. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது, 19 அடி. அகநானூற்றின் இரண்டாம் பகுதியான மணிமிடை பவளத்தில் வருவது. முதல் 90 பாட்டுக்குத்தான் பழைய உரை உண்டு, இதற்கு இல்லை. அதனாலேயே நல்லது. உரையாசிரியர் தோளில் ஏறிக்கொள்ளாமல் பாட்டை நேராகப் பார்க்கலாம்.

இன்னொரு காரணம்: இந்தப் பாட்டின் நடு மூன்று அடி எல்லோருக்கும் மனப்பாடம்.

யவனர் தந்த வினைமாண் நன்கலம்
பொன்னொடு வந்து கறியொடு பெயரும்
வளங்கெழு முசிறி

யவனர் கலம் பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) திரும்பும் முசிறி. கடல் வணிகம் என்றாலே இதைத்தான் எடுத்துக்காட்டுவோம். மேலே எட்டு அடியும் கீழே எட்டு அடியும் என்ன சொல்கின்றன என்று கேட்டால் வகுப்பறையிலும் கருத்தரங்கிலும் அமைதிதான். பிடுங்கி எடுத்த மூன்று அடியைத் திரும்ப அதன் பாட்டுக்குள் நடுவதுதான் இந்த அமர்வின் வேலை.

கட்டமைப்பைக் கவனியுங்கள். வினைமுற்று 7ஆம் அடியிலேயே வந்துவிடுகிறது: "வாரேன் வாழியென் நெஞ்சே". ஏன் வரமாட்டேன் என்பது கடைசி அடியில்தான்: அவள் கண் பனிகொள்ளும். இடையில் இருப்பது முழுவதும் அடுக்கடுக்கான அடை. யவனர் கலம் வரும் முசிறி, அந்த முசிறியை வளைத்துப் படிமம் கவர்ந்த செழியன், அந்தச் செழியனின் கூடல், கூடலுக்கு மேற்கே முருகன் குன்றம், குன்றத்துச் சுனை, சுனையில் நீலம், எதிரெதிராகப் பிணைத்த இரண்டு நீலப்பூப் போன்ற கண். முசிறிப் போரும் யவனர் பொன்னும் ஒரு பெண்ணின் கண்ணுக்கு உவமை சொல்லப் போகும் வழியில் வருபவை. அந்தப் பொன்னையும் தாண்டித்தான் தலைவன் "எளிதினிற் பெறினும் வாரேன்" என்கிறான். பொருள் எவ்வளவு பெரிதென்று காட்டிவிட்டு, அதைவிடக் கண் பெரிது என்கிற பாட்டு இது.

அமர்வு முறை (மொத்தம் 3 மணி நேரம், நடுவில் தேநீர்):

முதல் 15 நிமிடம் இருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். ஒருவர் சீர் பிரித்து, ஒருவர் தொடர் பிரித்து. பிறகு எட்டெட்டுப் பேராகக் குழு. ஒருவர் வாசிப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் கையில் மட்டும் அகராதி. அகராதியை முதல் அரை மணிக்குத் திறக்கக் கூடாது. ஊகித்த பொருளை முதலில் எழுத வேண்டும், அப்புறம் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லோரும் ஒரே உரையைப் படியெடுத்துக் கொண்டு வந்து நிற்பார்கள்.

திணை, துறைக் குறிப்பை முதல் தாளில் அச்சிடாதீர்கள். "தலைமகன் தன் நெஞ்சிற்குச் சொல்லிச் செலவழுங்கியது" (பயணத்தைத் தவிர்த்தது) என்பதைக் கடைசியில் கொடுங்கள். அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை என்பது தெரிந்தவர்கள் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆகவே பாட்டெண்ணையும் மறைத்துவிடுங்கள்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. "ஒடுங்கிரை முனையின்": முனை என்றால் நுனி என்று எடுத்து, கரடி புற்றின் முனையில் நிற்பதாகப் பொருள் சொல்வார்கள். தொல்காப்பியம் உரியியல் "முனைவு முனிவாகும்" என்கிறது. புற்றுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கறையானைத் தின்று கரடிக்கு வெறுத்துப்போனால் இருப்பைப்பூவுக்குப் போகிறது. அடுத்தது "நன்றும் அரிதுசெய்": இங்கே நன்று நல்லது அன்று, "நன்று பெரிதாகும்" என்பதும் உரியியல்தான். மிக அரிதாக ஈட்டும் பொருள். ஒரே பாட்டில் இரண்டு உரியியல் நூற்பா வேலை செய்வதைப் பார்த்தபிறகு, இலக்கணம் எதற்கு என்று எந்த மாணவரும் கேட்கமாட்டார்.

---

யாப்பு

பாட்டுத் தேர்வு நன்று. தாளைப் பற்றி ஒரு கடுமையான வேண்டுகோள்: சந்தி பிரித்த வடிவத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

18ஆம் அடியைப் பாருங்கள். "எதிர்மலர்ப் பிணையல் அன்னவிவள்". மூன்று சீர். நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீராக வரவேண்டும், வருகிறது. இதையே "அன்ன இவள்" என்று பிரித்து அச்சிட்டால் நான்கு சீராகத் தெரியும். வாசிப்பவர் இது நிலைமண்டிலம் (எல்லா அடியும் நாற்சீராக வரும் ஆசிரியப்பா) என்று எழுதிவிடுவார். 7ஆம் அடியிலும் அப்படித்தான்: "வாரேன் வாழியென் நெஞ்சே சேரலர்" நாற்சீர். "வாழி என் நெஞ்சே" என்று உடைத்தால் ஐந்து.

இடப்பக்கம் சீர் பிரித்த வடிவம், வலப்பக்கம் சொல் பிரித்த வடிவம், இரண்டுக்கும் ஒரே அடியெண். ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்தால் 19 அடியும் ஒரே பக்கத்தில் நிற்கும். எழுத்தளவு 13க்குக் கீழே போகவேண்டாம், வரி இடைவெளி ஒன்றரை. அடிகளுக்கு நடுவே எழுத இடம் இல்லாத தாள் பயன்படாது.

---

கரும்பலகை

பள்ளி ஆசிரியர் தரப்பிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. மூன்று மணி நேரம் ஒரே பாட்டு என்பது கல்லூரிக்குச் சரி. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு செய்யுளுக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் முக்கால் மணி. இந்த அமர்விலிருந்து வகுப்புக்கு எதை எடுத்துப் போவது என்று தெரியாவிட்டால் பள்ளியிலிருந்து வருபவர்கள் இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

ஆகவே குழு வேலையின் கடைசி 30 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்: இதே பாட்டை 45 நிமிடத்தில் நடத்த ஒரு பாடக்குறிப்பு. ஒரு பக்கம் போதும். கரும்பலகையில் எழுதப்போகும் படம் அதில் இருக்க வேண்டும். இந்தப் பாட்டுக்குப் படம் தானாக அமைகிறது: முசிறியிலிருந்து தொடங்கி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம், நடுவில் கண். பொருள்கோளை வாயால் விளக்குவதற்கு ஆகும் நேரத்தில் பாதிதான் ஆகும்.

இன்னொன்று, அழைப்பு விஷயம். அரசுப்பள்ளி ஆசிரியருக்கு ஓ.டி. (வெளிப்பணி அனுமதி) கிடைக்க சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்தின் வழியாகத் தலைமையாசிரியருக்குக் கடிதம் வரவேண்டும். அழைப்பிதழை வாட்சப்பில் அனுப்பினால் யாரும் விடமாட்டார்கள். குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே ஐந்து மாவட்டத்துக்கும் தனித்தனிக் கடிதம் போகட்டும். திருப்புதல் தேர்வு வாரத்தையும் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் நாள்களையும் தவிர்க்க வேண்டும்.

---

ஏடும் எழுத்தும்

@பாலைத்திணை முறையோடு ஒரு மணி நேரம் சுவடிப் பயிற்சியையும் சேர்க்கலாம். தனிச் சொற்பொழிவாக வேண்டாம். அதே பாட்டின் 14ஆம் அடியை ஏட்டில் இருக்கும் வடிவில் கொடுங்கள்:

கெரடிநுடஙகுமறுகினகூடறகுடரஅது

புள்ளி இல்லை, சொல் இடைவெளி இல்லை, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒரே வடிவம். ஐந்து நிமிடம் விடுங்கள். "குடர்" என்று படிப்பவர்கள் இருப்பார்கள், "கோடி" என்று படிப்பவர்கள் இருப்பார்கள். பிறகு அச்சுப் பாடத்தைக் காட்டுங்கள்: "கொடிநுடங்கு மறுகின் கூடற் குடாஅது". கொடியா கோடியா என்று முடிவு செய்தது எது? ஏட்டில் அதற்கு விடை இல்லை. பொருளும் யாப்பும் மற்றப் பாட்டுகளின் வழக்கும்தான் முடிவு செய்தன. பதிப்பாசிரியர் என்ன வேலை செய்தார் என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும். 1894இல் புறநானூற்றையும் 1937இல் குறுந்தொகையையும் உ.வே.சா. அச்சில் கொண்டுவந்தபோது ஒவ்வோர் அடியிலும் இந்த முடிவுதான் எடுத்தார்.

இங்கே தொல்காப்பியத்தையும் திறக்க வேண்டும். நூன்மரபில் "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்", அடுத்த நூற்பா "எகர ஒகரத்து இயற்கையும் அற்றே". மெய்க்கும் புள்ளி, குறில் எகர ஒகரத்துக்கும் புள்ளி என்று விதி இருக்கிறது. ஏட்டில் எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். விதியையும் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்பா மனத்தில் நிற்கும்.

ஓலையில் எழுதிப் பார்க்கவும் ஏற்பாடு செய்யலாம். 60 பேருக்கு 80 ஓலை வாங்குங்கள், கால்வாசி கிழியும். பனை ஓலை, முற்றவும் கூடாது, குருத்தாகவும் கூடாது. நடு ஈர்க்கை நீக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, இரண்டு நாள் பலகைக்கு அடியில் பாரம் வைத்தால் தட்டையாகும். வெயிலில் காயப்போட்டால் சுருண்டுகொள்ளும், பிறகு நிமிராது. புதிதாக எழுதுபவர் செய்யும் தவறு அழுத்துவது. ஓலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுகிறது. கிடைக்கோட்டை அழுத்தி இழுத்தால் அந்த நரம்போடு பிளந்துவிடும். எழுத்தாணியை நகர்த்துவதைவிட இடது கையால் ஓலையை நகர்த்துவதே முறை. எழுதி முடித்தபின் கோவை இலைச் சாற்றில் விளக்குக்கரி குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும். துணி நிறைய வையுங்கள்.

பழைய ஏடு எதையும் தொட்டுப் பார்க்கச் சுற்றில் விடாதீர்கள். காட்டத்தான் வேண்டுமென்றால் ஒருவர் பிடித்துக் காட்டட்டும்.

---

மாங்குடி

மதுரையில் கூடிவிட்டு மதுரைக்காஞ்சி இல்லாமலா? மாங்குடி மருதனார் 782 அடி பாடியது இந்த ஊரைத்தானே.

---

பாலைத்திணை

@மாங்குடி, ஆசை எனக்கும் உண்டு. பத்துப்பாட்டிலேயே நீளமானது அது. இரண்டு நாளில் முழுவதும் படித்தால் ஓட்டமாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் காலை ஒன்றரை மணி நேரம் கொடுத்து நாளங்காடி (பகல் கடைத்தெரு), அல்லங்காடி (இரவுக் கடைத்தெரு) பகுதிகளை மட்டும் எடுக்கலாம்.

அதிலும் ஒரு குறிப்பிட்ட வேலை வையுங்கள்: நச்சினார்க்கினியர் உரை. அவர் அடிகளை இருக்கும் வரிசையில் விடாமல், "மாட்டு" என்று சொல்லித் தொலைவில் உள்ள சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்வார். ஒரு குழு அவர் கூட்டிய வரிசையில் படிக்கட்டும், இன்னொரு குழு பாட்டின் வரிசையிலேயே படிக்கட்டும். எங்கே அவர் கூட்டியது பொருளுக்குத் தேவை, எங்கே இல்லாமலே ஓடுகிறது என்று அடியெண் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அடியெண் இல்லாமல் பேசினால் ஒன்றரை மணி நேரமும் நச்சினார்க்கினியரைப் புகழ்வதிலோ குறைசொல்வதிலோ கழிந்துவிடும். பத்துப்பாட்டு முழுமைக்கும் நமக்குக் கிடைத்த பழைய உரை அவருடையது. மதிப்போடுதான் அணுக வேண்டும், ஆனால் அடி அடியாக.

---

வட்டெழுத்து

இரண்டாம் நாள் பிற்பகல் வெளியே கூட்டிப்போகிறீர்களா? பெரும்பாலும் எல்லோரும் கீழடி அருங்காட்சியகத்தைச் சொல்வார்கள். 2023இல் திறந்தது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் பல்கலை நகர் நகரத்துக்கு மேற்கே, கீழடி தென்கிழக்கே. ஊரைச் சுற்றிப் போய்வரவே நேரம் சரியாகிவிடும். மாங்குளம் மீனாட்சிபுரம் மலையும் அப்படித்தான், வடகிழக்கே தொலைவு. நெடுஞ்செழியன் பெயர் இருக்கும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து அங்கே. 1882இலேயே இராபர்ட் சீவெல் கண்டது. அதற்குத் தனியாக ஒரு முழுநாள் வையுங்கள். செங்குத்தான ஏற்றம், 60 பேர் ஒரே நேரத்தில் குகைத்தளத்தில் நிற்க முடியாது.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே சமணமலை இருக்கிறது. இரண்டு இடம் போதும்.

ஒன்று முத்துப்பட்டி. குகைத்தளத்தில் கற்படுக்கை, தமிழி எழுத்து: "நாகபேரூரதைய் முசிறி கோடன் எளமகன்". நீங்கள் காலையில் படித்த பாட்டில் வந்த ஊர்ப்பெயர் மாலையில் கல்லில். நாகபேரூர் என்ற பெயரைப் பக்கத்திலிருக்கும் நாகமலையோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

இரண்டு கீழக்குயில்குடி. தாமரைக்குளம், ஐயனார் கோயில், அதற்குமேல் படியேறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. 9, 10ஆம் நூற்றாண்டு. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்தவர்கள் செய்வித்தவை என்று வரும். இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்ற தொடரை ஆசிரியர்கள் நின்று படிக்க வேண்டும்.

கல்வெட்டை நண்பகலில் பார்க்காதீர்கள். நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. மாலை 4 மணிக்குமேல் சாய்ந்த வெயில், அல்லது நிழலில் டார்ச். டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், ஏறக்குறைய பாறையோடு பாறையாக ஒட்டிப் பிடிக்க வேண்டும். இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து என்று நான்கு படம். ஒரு பக்க வெளிச்சத்தில் இயற்கைப் பொரிவு எழுத்துக்கோடு போலத் தெரியும். மறுபக்க வெளிச்சத்தில் மறைந்துவிடும். நான்கிலும் நிற்பதுதான் கோடு.

---

கரும்பலகை

சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பினால் மாணவர்களுக்குத் தெளிவாகத் தெரியுமே? பல படங்களில் அப்படித்தான் பார்க்கிறோம்.

---

வட்டெழுத்து

கூடவே கூடாது. சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தண்ணீரோ எதுவும் படக்கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பது ஒரு காரணம். வாசிப்புக்கே அது கேடு என்பது இன்னொன்று. சுண்ணத்தால் நிரப்பியவர் எதை எழுத்தென்று நினைத்தாரோ அதுதான் படத்தில் வரும். அவர் ஒரு கோட்டை விட்டிருந்தால் அடுத்து வருபவர் எல்லோரும் விடுவார்கள். துகள் பொரிவுக்குள் தங்கி ஆண்டுக்கணக்கில் போகாது.

மைப்படியும் வேண்டாம். அது துறையின் அனுமதியோடு பழகிய கை செய்ய வேண்டியது. நனைத்த தாளைத் தூரிகையால் கல்லில் அடித்துப் பதித்து, பாதி உலர்ந்த பதத்தில் மை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் மை ஊறி எழுத்து மூடிவிடும், உலர்ந்துவிட்டால் தாள் எழும்பிவிடும். ஏற்கெனவே எடுத்து வெளியிட்ட படியின் நகலைக் கையில் கொடுத்து, கல்லோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பத்துப் பேராக உள்ளே போகட்டும், மற்றவர்கள் கீழே.

---

ஏடும் எழுத்தும்

முத்துப்பட்டி முசிறியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காலையில் பாட்டு, மாலையில் கல் என்ற வரிசை அழகாக இருக்கிறது. அந்த அழகே ஆபத்து. கல்லில் இருக்கும் முசிறி சேரர் துறைமுகம்தான் என்று அங்கேயே முடிவு கட்டி விடக்கூடாது. திருச்சி மாவட்டத்தில் காவிரிக்கரையிலும் ஒரு முசிறி உண்டு. கல்லில் அது ஆள்பெயரின் முன்னொட்டாக நிற்கிறது. ஊரைப் பற்றி வேறு செய்தி இல்லை. பாட்டில் "சேரலர் சுள்ளியம் பேரியாறு" என்று இடம் சொல்லும் அடை இருக்கிறது. இரண்டு சான்றும் ஒரே வகை இல்லை.

---

வட்டெழுத்து

ஒப்புக்கொள்கிறேன். கையேட்டில் இதைக் கேள்வியாகவே போடலாம்: "கல்லில் உள்ள முசிறி எது என்று சொல்ல இந்தக் கல்வெட்டுக்குள் சான்று உண்டா?" ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான்.

அதேபோல் "கூடற் குடாஅது". திருமுருகாற்றுப்படையும் "மாடமலி மறுகிற் கூடற் குடவயின்" என்கிறது. இரண்டு பாட்டும் பரங்குன்றத்தைக் கூடலுக்கு மேற்கே வைக்கின்றன. இன்று மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து பார்த்தால் தென்மேற்கு. பழைய கூடல் எங்கே இருந்தது என்ற விவாதத்தில் இந்த அடிகளை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சமணமலை உச்சியில் நின்றால் பரங்குன்றமும் நகரமும் கண்ணில் படும். திசைகாட்டி ஒன்று கொண்டுபோங்கள். அந்த இடத்தில் பத்து நிமிடம் இந்த ஒரு சொல்லுக்குக் கொடுக்கலாம்.

---

கணக்கும் கையேடும்

நடத்துகிறவர்கள் பக்கத்திலிருந்து.

மாதம்: சித்திரைத் திருவிழாவை ஒட்டி வைக்காதீர்கள்; அறையும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். தை கடைசி, மாசி முதல் பாதி பொருந்தும்.

வழி: தேனியிலிருந்து வருபவர்கள் ஆரப்பாளையம் வந்து திரும்ப வேண்டாம். தேனிச் சாலையில் வரும் பேருந்து பல்கலைக்கழக வாசலிலேயே போகும். அங்கே நிற்குமா என்று ஏறும்போது கேட்டுக்கொள்ளச் சொல்லி அழைப்பில் எழுதுங்கள். சிவகங்கை, மேலூர்ப் பக்கத்தார் மாட்டுத்தாவணியில் இறங்கி நகரத்தைக் கடந்து வர ஒரு மணி நேரம் கூட ஆகலாம். அதனால் முதல் நாள் தொடக்கம் 10 மணி என்று வையுங்கள், 9.30க்குப் பாதி அரங்கு காலியாக இருக்கும்.

அறை: அரங்கக் கூடம் வேண்டாம். நாற்காலி தரையோடு பிணைத்திருக்கும், எட்டுப் பேர் வட்டமாக உட்கார முடியாது. மேசை நகர்த்தக்கூடிய வகுப்பறை இரண்டு, அறைக்கு நான்கு குழு. ஒரே அறையில் எட்டுக் குழு வாய்விட்டுப் படித்தால் எவர் குரலும் எவருக்கும் கேட்காது.

வண்டி: பெரிய பேருந்து கீழக்குயில்குடிக் குளக்கரையில் திரும்பச் சிரமப்படும். 25 இருக்கை வேன் மூன்று. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், கூடுதலாக இரண்டு 20 லிட்டர் கேன் அடிவாரத்தில். படியேற முடியாதவர்கள் குளக்கரை நிழலில் இருக்கலாம்; அவர்களுக்கும் சிற்பப் படத்தாள் கொடுத்துவிடுங்கள்.

கட்டுரை: இதை அடியோடு நீக்க முடியாது. கல்லூரி ஆசிரியருக்குப் பணி மேம்பாட்டுக்கு அளித்த கட்டுரையும் சான்றிதழும் வேண்டும். ஒரு வழி உண்டு. கட்டுரையை ஆறு வாரம் முன்பே வாங்குங்கள், 1,500 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. சொல்லடைவு, பாடவேறுபாடு, ஓர் அடியின் பொருள் என்று குறுகிய பொருளாக இருக்கட்டும். "சங்க இலக்கியத்தில் நீர்" போன்ற தலைப்பைத் திருப்பி அனுப்புங்கள். பத்துநாள் முன்பு எல்லோருக்கும் தொகுப்பை அனுப்பி, முதல் நாள் பிற்பகல் இரண்டு மணி நேரம் சுவரொட்டித் தாளாகக் காட்சி. எழுதியவர் தன் தாளுக்குப் பக்கத்தில் நிற்பார், வருபவர் கேள்வி கேட்பார். மேடையில் எட்டு நிமிடம் படிப்பதைவிட இதில் உரையாடல் கூடுதல்.

---

யாப்பு

தொகுப்பு என்றதும் எழுத்துருவைச் சொல்லிவிட வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு இன்னும் வருகிறது. ஒருங்குறி (யூனிகோடு) மட்டுமே என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். மாற்றியில் போட்டு எடுத்த கோப்பில் மூன்று பிழை மறைந்திருக்கும்: கால் வரவேண்டிய இடத்தில் ரகரம், ஔகாரத்துக்கு ஒகரமும் ளகரமும் தனித்தனியாக ("ஒளவை"), மேற்கோளில் அளபெடை உயிர் விடுபடுவது. கண்ணுக்கு முதல் இரண்டும் தெரியாது. ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, சொல்லடைவு செய்தால் எண்ணிக்கை தவறும். "குடாஅது" என்பது "குடாது" ஆகிவிட்டால் சீரும் போய்விடும்.

இணையத்திலிருந்து பாடம் எடுப்பவர்கள் ஒன்று கவனிக்கட்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தொகுப்புகள் பெரிய கொடை. ஆனால் எந்த அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்தது, சந்தி பிரித்ததா பிரிக்காததா என்று முகப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஓர் அச்சுப் பதிப்போடு ஒத்துப் பார்த்தபிறகே கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

---

கரும்பலகை

@ஏடும் எழுத்தும் கொடுத்த 14ஆம் அடிப் பயிற்சியும் @யாப்பு சொன்ன கால், ரகரப் பிழையும் ஒன்றுதானே? ஏட்டில் இருந்த குழப்பம் கணினியில் திரும்ப வந்திருக்கிறது. மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே காட்டலாம்.

---

நாகமலைக் காற்று

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய திட்டம்:

முதல் நாள் 10 மணி. தொடக்கம் அரை மணி, பொன்னாடை இல்லை. 10.30 முதல் 1.30 வரை அகம் 149, எட்டுக் குழு, கடைசி அரை மணி 45 நிமிடப் பாடக்குறிப்பு. பிற்பகல் ஏட்டு அடியும் ஓலை எழுத்தும் ஒரு மணி. பிறகு கட்டுரைக் காட்சி. இரண்டாம் நாள் 9.30 முதல் 11 வரை மதுரைக்காஞ்சி அங்காடிப் பகுதி. அதன்பின் குழுக்களின் பாடக்குறிப்பை ஒன்றாக வைத்துத் திருத்துவது. 2.30க்கு வேன், முதலில் கீழக்குயில்குடி, 4.15க்கு முத்துப்பட்டி.

துறைக் குறிப்புத் தாளில் "செலவழுங்கியது" என்பதற்குக் கீழே தொல்காப்பியக் கற்பியல் அடியையும் சேர்க்கிறோம்: "செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே". தலைவன் போகவே மாட்டான் என்று பாட்டை முடித்துவிடாமல் இருக்க இது உதவும்.

---

பாலைத்திணை

அந்த நூற்பாவைக் குழு வேலை முடிந்தபிறகு கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் "வாரேன்" என்ற சொல்லின் உறுதியை யாரும் உணரமாட்டார்கள். அவன் அந்த நேரத்தில் உண்மையாகவே போகமாட்டேன் என்றுதான் நெஞ்சிடம் சொல்கிறான்.

---

வட்டெழுத்து

வரிசையை மாற்றுங்கள். 2.30க்குக் கீழக்குயில்குடிப் படியேறினால் பாறை சுடும். காலணியைக் கழற்றவேண்டிய இடத்தில் கால் வைக்க முடியாது. முத்துப்பட்டிக் குகைத்தளம் நிழல், அங்கே டார்ச் வெளிச்சமே போதும்; அதை முதலில் வையுங்கள். பேச்சிப்பள்ளத்துக்கு 4.15. முந்தின நாள் அதே நேரத்துக்கு ஒருவர் போய், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்து வரட்டும். டார்ச் எட்டு, குழுவுக்கு ஒன்று. மஞ்சள் ஒளியைவிட வெள்ளை ஒளி படத்துக்கு நல்லது.

---

நாகமலைக் காற்று

மாற்றிவிட்டோம். தாளில் 18ஆம் அடி இப்போது இடப்பக்கம் "அன்னவிவள்", வலப்பக்கம் "அன்ன இவள்". 14ஆம் அடியில் அளபெடை விடுபட்டிருந்தது, சேர்த்தாயிற்று. அச்சுக்குப் போகுமுன் படிமத்தை நாளை இங்கே ஏற்றுகிறேன். 19 அடியையும் இன்னும் இருவர் ஒத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.